சவுத்எண்டில் வீடு வாங்கலாமா? ஈஸ்ட்ஹாமை விட்டுக் கிளம்ப யோசிக்கிறோம்

நைட்ஷிப்ட் நர்ஸ் எழுதியது:

வணக்கம். லண்டனை விட்டு, கிழக்கே கடலோரம் இருக்கிற சவுத்எண்ட் பக்கம் போனவர்கள் யாராவது இங்கே இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எஸ்டேட் ஏஜெண்ட் பேச்சும், யூடியூபில் கடலைக் காட்டிக் காட்டிப் பேசுகிறவர்கள் பேச்சும் கேட்டு அலுத்துவிட்டது.

ஈஸ்ட்ஹாமில் ஹை ஸ்ட்ரீட் நார்த்துக்குப் பின்பக்கம் ரெண்டு பெட்ரூம் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 1,850 பவுண்டு. ஏப்ரலில் இருந்து 2,000 தர வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சமையலறைச் சுவரில் பூஞ்சை, துடைத்தால் ரெண்டு வாரத்தில் திரும்ப வருகிறது, அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் இல்லை. எனக்கு சவுத்எண்ட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. கணவருக்கு கேனரி வார்ஃபில் ஐடி வேலை, வாரம் மூன்று நாள் ஆபீஸ் போயாக வேண்டும். பையனுக்கு எட்டு வயது, பெண்ணுக்கு நாலு. ஐஎல்ஆர் (இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வந்தாயிற்று, அதனால் மார்ட்கேஜுக்கு, அதாவது வீட்டுக் கடனுக்கு, விசா பிரச்சினை இல்லை.

கையில் 50,000 பவுண்டு சேர்த்து வைத்திருக்கிறோம். 3.4 லட்சம் பவுண்டு வரை போகலாம் என்று ஒரு கணக்கு. இங்கே முதல் வீடு என்பதால் ஸ்டாம்ப் டியூட்டி 2,000தான் வரும் என்று கணவர் பார்த்து வைத்திருக்கிறார். சென்னை மேடவாக்கத்தில் இருக்கிற ஃபிளாட்டை விற்றால் இன்னும் கொஞ்சம் கை கொடுக்கும், ஆனால் அதில் மாமியார் இருக்கிறார், அந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

எந்தப் பக்கம் வாங்கலாம், ரயில் எப்படி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எப்படி, நம் சாமான்கள் கிடைக்குமா? அப்புறம் முக்கியமாக, குளிர்காலத்தில் அந்த ஊர் எப்படி இருக்கும்? நாங்கள் பார்த்ததெல்லாம் ஜூலை, ஆகஸ்ட் மாதக் கூட்டத்தைத்தான்.

வெஸ்ட்கிளிஃப் மணி எழுதியது:

ரயிலில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் வீட்டு விலையை நிர்ணயிப்பதே ரயில்தான், கடல் எல்லாம் அதற்கப்புறம்.

லண்டனுக்கு ரெண்டு லைன் இருக்கிறது. ஒன்று கடற்கரையை ஒட்டி ஓடும் சி2சி, ஷூபரினெஸில் கிளம்பி தார்ப் பே, சவுத்எண்ட் சென்ட்ரல், வெஸ்ட்கிளிஃப், சாக்வெல், லீ என்று வந்து பார்க்கிங் (Barking), வெஸ்ட்ஹாம், லைம்ஹவுஸ் வழியாக ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் போகும். இன்னொன்று சவுத்எண்ட் விக்டோரியாவில் இருந்து ஸ்ட்ராட்ஃபோர்ட் வழியாக லிவர்பூல் ஸ்ட்ரீட். உங்கள் கணவருக்கு முதல் லைன்தான் சரி. லைம்ஹவுஸில் இறங்கி டிஎல்ஆர் ரயில் பிடித்தால் கேனரி வார்ஃப் பக்கத்தில்தான். வாசலில் இருந்து வாசல் என்று பார்த்தால் ஒன்றேகால் மணி நேரம், ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏஜெண்ட் "ஐம்பது நிமிஷம் சார்" என்பான், அது ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கிற நேரம்.

செலவு: வருட சீசன் டிக்கெட் நாலாயிரம் பவுண்டைத் தாண்டும். ஃப்ளெக்ஸி சீசன் என்று ஒன்று இருக்கிறது, 28 நாளில் 8 நாள் போகலாம். வாரம் ரெண்டு நாள் போகிறவனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும், மூன்று நாள் போகிறவனுக்குப் பத்தாது. அதனால் வாடகையில் மிச்சம் பிடிக்கிற காசில் மாதம் முந்நூறு, நானூறு ரயிலுக்கு என்று இப்போதே எழுதிவிடுங்கள். ஆபீஸில் "இனி நாலு நாள்" என்று மெயில் வந்தால் என்ன செய்வது என்றும் வீட்டில் பேசி வையுங்கள். இப்போதெல்லாம் அப்படித்தான் வருகிறது.

ஏரியா. லீ ஆன் சீ அழகு, காபிக் கடை, பழைய மீனவர் தெரு, நல்ல பள்ளிக்கூடங்கள் எல்லாம் உண்டு, ஆனால் உங்கள் பட்ஜெட்டில் அங்கே மூன்று பெட்ரூம் தனி வீடு கிடைப்பது கஷ்டம். தார்ப் பே இன்னும் மேல், பெரிய பெரிய வீடுகள், ரிட்டயர்ட் ஆனவர்கள். கர்சால் பக்கம் விலை குறைவாகத் தெரியும், கடலும் பக்கம், ஆனால் ராத்திரி ஷிப்ட் முடித்து நடந்து வருகிற பெண்ணுக்கு நான் அந்தத் தெருக்களைச் சொல்ல மாட்டேன். நல்ல குடும்பங்களும் அங்கே இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை, ஒவ்வொரு தெருவாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த ஊரின் கதை அப்படி. ஒரு காலத்தில் கிழக்கு லண்டனே கோடையில் இங்கேதான் வந்து இறங்கும். அப்புறம் ஸ்பெயினுக்கு மலிவு விலையில் விமானம் கிடைக்க ஆரம்பித்ததும் கூட்டம் அங்கே போய்விட்டது, தங்கும் விடுதிகள் ஒவ்வொன்றாக ஒற்றை அறை வாடகை வீடுகளாக மாறின. லண்டன் கவுன்சில்கள் வீடில்லாத குடும்பங்களை இங்கே அனுப்புவதும் உண்டு. அதனால் ஒரே சாலையில் இந்தப் பக்கம் நாலரை லட்சம் பவுண்டு வீடு, அந்தப் பக்கம் ஆறு காலிங்பெல் வைத்த கட்டடம். சராசரி விலை என்று இணையத்தில் போடுவதை நம்பாதீர்கள், இந்த ஊரில் அதற்கு அர்த்தமே இல்லை.

ஆஸ்பத்திரி பிரிட்டில்வெல் சேஸில் இருக்கிறது, கடலில் இருந்து நன்றாகத் தள்ளி உள்ளே. வெஸ்ட்கிளிஃபின் வடபாதி, பிரிட்டில்வெல், இந்த ரெண்டுக்கும் நடுவில் பாருங்கள். 1930கள் வாக்கில் கட்டின, முன்னால் வளைந்த ஜன்னல் வைத்த வீடுகள் நிறைய உண்டு, பின்னால் தோட்டம் இருக்கும், 3.3, 3.5 லட்சத்தில் வரும். நீங்கள் நடந்தே வேலைக்குப் போய்விடலாம், அவர் மட்டும் சைக்கிளில் ஸ்டேஷன் போகட்டும். கடல் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கடலைப் பற்றி ஒரு விஷயம். இது மெரினா இல்லை, தேம்ஸ் நதி கடலில் கலக்கும் முகத்துவாரம். காலையில் போனால் படி வரை தண்ணீர் நிற்கும், மத்தியானம் போனால் கண்ணுக்கு எட்டிய வரை சேறு. தண்ணீர் அவ்வளவு தூரம் பின்வாங்குவதால்தான் அந்தக் காலத்தில் படகு அணைய 2 கிலோமீட்டருக்கு மேல் பாலம் கட்டினார்கள், உலகத்திலேயே நீளமான உல்லாசப் பாலம் அதுதான், மேலே குட்டி ரயிலே ஓடுகிறது. ஓத நேர அட்டவணையை போனில் வைத்துக்கொள்ளாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தண்ணீர் திரும்பி வரும்போது வேகமாக வரும், சேற்றில் தூரம் போனவர்களை மீட்புப் படகு போய்க் கூட்டி வருவது இங்கே சாதாரணம். பெருமழை பெய்த மறுநாளும் தண்ணீரில் இறக்காதீர்கள், கழிவுநீர் கலந்திருக்கும், அதற்குத் தனி எச்சரிக்கை ஆப் இருக்கிறது.

அப்புறம், டவுன் என்று வாய் தவறிச் சொன்னால் உள்ளூர்க்காரர்கள் உடனே திருத்துவார்கள். 2022 மார்ச்சில் இருந்து இது சிட்டி. இந்தப் பட்டத்துக்காகப் பல வருஷம் நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்த எம்பி டேவிட் அமெஸ் 2021 அக்டோபரில் லீயில் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது குத்திக் கொல்லப்பட்டார், அதற்கப்புறம்தான் அறிவித்தார்கள். இங்கே இருக்கிறவர்களுக்கு அது இன்னும் ஆறாத விஷயம்.

ஷூபரி அண்ணை எழுதியது:

தங்கச்சி, நான் ஷூபரினெஸில் கடை வைத்திருக்கிறேன், பிள்ளைகள் இங்கேதான் பிறந்து வளர்ந்தவை. மணி சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஷூபரியை அவர் ஒரு வரியில்கூடச் சொல்லாமல் கடந்து போய்விட்டார், அதனால் நான் சொல்ல வேண்டி இருக்கு.

ரயில் இங்கே இருந்துதான் புறப்படும். காலையில் எப்பவும் இருக்க இடம் கிடைக்கும், வெஸ்ட்கிளிஃபில் ஏறுகிற ஆட்கள் வருகிறபோது நாங்கள் நித்திரை. கடற்கரையும் வடிவானது, கூட்டம் குறைவு, சவுத்எண்ட் நடுவில் இருக்கிற விளையாட்டு மெஷின் கடைகள், சத்தம் ஒன்றும் இல்லை. அதே காசுக்கு ஒரு அறை கூடக் கிடைக்கும்.

ஒரே ஒரு விஷயம் முன்னமே தெரிந்திருக்க வேணும். பக்கத்தில் ராணுவத்தின் வெடிச் சோதனைத் திடல் இருக்கு. சில நாட்களில் வெடி வைத்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும், அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுக்கும். என்ர அம்மா ஊரில் ஷெல்லடிக்குள் இருந்து வந்த ஆள். இங்கே வந்த புதுசில் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு, சின்னவனையும் இழுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போய் இருந்துவிட்டா. நான் கடையில் இருந்து வந்து சொல்லும் வரைக்கும் வெளியே வரேல்லை. இப்ப பழகிவிட்டா. ஆனால் நீங்கள் வீடு பார்க்க வருகிற நாள் சனிக்கிழமையாக இருந்தால் அநேகமாக அமைதியாகத்தான் இருக்கும், அதனால் ஏஜெண்ட் தானாகச் சொல்ல மாட்டான். வார நாளிலும் ஒருக்கால் வந்து நின்று பாருங்கோ.

குளிர்காலம் கேட்டீர்கள். மழை குறைவு, நம்ப மாட்டீர்கள், பிரிட்டனிலேயே மழை மிகக் குறைந்த இடங்களில் ஷூபரினெஸும் ஒன்று, வருசத்துக்கு ஐந்நூறு மில்லிமீட்டர் சொச்சம்தான், உங்கட சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. ஆனால் காற்று! தை மாசி மாதத்தில் கிழக்குக் காற்று நேரே கடலுக்கு மேலால் வரும், குடை பிடிக்க ஏலாது. கடற்கரையோரம் காரை விட்டால் உப்பு பிடித்துக் கீழ்ப்பக்கம் துருப்பிடிக்கும், வெளியே உடுப்புக் காயப்போட்டால் கடற்காகம் தன்ர வேலையைக் காட்டும். கோடையில் ஐஸ்கிரீமுக்கு வரிசை நிற்கிற இடத்தில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். எனக்கு அந்த நேரம்தான் பிடிக்கும், கோடைச் சனி ஞாயிறில் கடையில் இருந்து வீட்டுக்குப் போற ரோட்டே அடைத்துவிடும்.

சாமான்: கறிவேப்பிலை, முருங்கைக்காய், பச்சை மிளகாய் இங்கேயும் ரெண்டு மூன்று கடையில் கிடைக்கும், ஆனால் விலை கூட, வாடியும் இருக்கும். நாங்கள் மாதத்தில் ஒருக்கால் ரெண்டு தரம் ஈஸ்ட்ஹாம் போய் மரக்கறி, மீன் எல்லாம் வாங்கி வருவம், அப்படியே மேனர் பார்க் முருகன் கோயிலுக்கும் போய்விட்டு வந்தால் ஒரு ஞாயிறு சரி. லீயில் மட்டி அவித்து விற்கிற கொட்டகைகள் இருக்கு, வெள்ளைக்காரர் வினாகிரி ஊற்றிச் சாப்பிடுவினம். நான் வாங்கி வந்து தேங்காய்ப்பூவும் மிளகாய்த்தூளும் போட்டு வறுப்பன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், கேள்வியில் இருந்த மேடவாக்கத்தை யாரும் பார்க்கவில்லையே.

மேடம், ஸ்டாம்ப் டியூட்டி 2,000 என்பது முதல் முறை வாங்குபவர் என்ற சலுகையில் வருகிற தொகை. 3 லட்சம் வரை வரி இல்லை, மீதி 40,000க்கு 5 சதவீதம். அந்தச் சலுகைக்கு, வாங்குகிறவர்கள் ரெண்டு பேருமே உலகத்தில் எங்கேயும் எப்போதும் வீடு வைத்திருந்திருக்கக் கூடாது. இங்கிலாந்தில் என்று இல்லை, உலகத்தில் எங்கேயும். பரம்பரையாக வந்தது, பங்கு வைத்திருப்பது எல்லாம் கணக்கில் சேரும். ஃபிளாட் உங்கள் கணவர் பெயரில் இருந்தால் சலுகை போச்சு. சாதாரண விகிதத்தில் 3.4 லட்சத்துக்கு 7,000 பவுண்டு வரும்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. 40,000 பவுண்டோ அதற்கு மேலோ மதிப்புள்ள இன்னொரு வீடு, அதுவும் உலகத்தில் எங்கே இருந்தாலும், கையில் இருக்கும்போது இங்கே வாங்கினால் மொத்த விலைக்கும் கூடுதலாக 5 சதவீதம். 2024 அக்டோபர் கடைசி வரை 3 சதவீதமாக இருந்தது, இப்போது 5. உங்கள் கணக்கில் அது 17,000. ஆக 24,000 பவுண்டு. கணவன் மனைவியில் ஒருவர் பெயரில் மட்டும் வாங்கினாலும் தப்ப முடியாது, தம்பதியை ஒரே ஆளாகத்தான் பார்ப்பார்கள்.

இப்போது உங்கள் 50,000ஐ எடுங்கள். 24,000 வரி, வக்கீல், சர்வே எல்லாம் சேர்த்து ஒரு 3,000. மீதி 23,000. 3.4 லட்சத்துக்குப் பத்து சதவீத டெபாசிட்டே 34,000. பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் வட்டி ஏறும், சில வங்கிகள் தரவே மாட்டார்கள். இதே கணக்கில் 2.8 லட்சத்து வீடு என்றால் வரி 18,000, மீதி 29,000, டெபாசிட் 28,000, மயிரிழையில் தேறும்.

ஃபிளாட் யார் பெயரில் இருக்கிறது, இன்றைய மதிப்பு என்ன, சொல்லுங்கள்.

நைட்ஷிப்ட் நர்ஸ் எழுதியது:

படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. எங்களுக்கு மார்ட்கேஜ் பார்த்துக் கொடுக்கிற ஆள் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, "முதல் வீடுதானே?" என்று கேட்டார், இவரும் ஆமாம் என்றார், அவ்வளவுதான்.

ஃபிளாட் மாமனாரும் இவரும் சேர்ந்து வாங்கினது, ரெண்டு பேர் பெயரிலும் பத்திரம். மாமனார் நாலு வருஷத்துக்கு முன்னால் தவறிவிட்டார், உயில் எதுவும் எழுதவில்லை. அதற்கப்புறம் பெயர் மாற்றம் எதுவும் செய்யவில்லை, ஈபி பில் இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது. இவருக்கு ஒரு தங்கை. அந்தக் கட்டடத்தில் போன வருஷம் ஒரு ஃபிளாட் 60 லட்சத்துக்குப் போனது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அப்படியானால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

40,000 பவுண்டு என்பது முழு ஃபிளாட்டின் மதிப்பு இல்லை, உங்கள் கணவரின் பங்கின் மதிப்பு. 60 லட்சத்தில் அவருடைய சொந்தப் பாதி 30 லட்சம். மாமனாரின் பாதி, உயில் இல்லாததால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மாமியார், உங்கள் கணவர், தங்கை மூன்று பேருக்கும் சமமாகப் போகும், ஆளுக்குப் பத்து லட்சம். (மாமனாரின் அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.) ஆக இவர் பங்கு 40 லட்சம். பவுண்டு சுமார் 120 ரூபாய் என்று வைத்தால் 33,000 சொச்சம். 40,000க்குக் கீழே. கூடுதல் 5 சதவீதம் வராது என்றுதான் எனக்குத் தெரிகிறது. அவரும் சேர்ந்து வாங்கினால் முதல் முறை சலுகை கிடையாது, ஆனால் 24,000க்குப் பதில் 7,000.

ரெண்டு வேலை செய்யுங்கள். ஊரில் அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் இன்றைய தேதியில் எழுத்து மூலமாக மதிப்பு வாங்கி வையுங்கள், வாரிசுச் சான்றிதழும் எடுத்து வையுங்கள். இங்கே வக்கீலிடம் முதல் நாளே இதை எல்லாம் சொல்லிவிடுங்கள், கடைசி முடிவு அவர் சொல்வதுதான், நான் சொல்வது இல்லை. மறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், அபராதம் தனியாக வரும். ரூபாய் ஏறினாலோ ஃபிளாட் விலை ஏறினாலோ 40,000ஐத் தொட்டுவிடும், வாங்கி முடிக்கிற நாளில் என்ன மதிப்போ அதுதான் கணக்கு. அப்படி இடிக்கிற மாதிரி இருந்தால் இவர் பங்கில் கொஞ்சத்தை அம்மாவுக்கு முன்கூட்டியே செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கிற வழியும் இருக்கிறது. தங்கையிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள், அப்புறம் அது வேறு கதையாகிவிடும்.

திரும்பி வந்தவன் எழுதியது:

எல்லோரும் போ போ என்கிறார்கள், ஒருத்தனாவது மாற்றிச் சொல்லட்டும். நான் வெஸ்ட்கிளிஃபில் கடல் தெரிகிற ஃபிளாட் வைத்திருந்தேன், விற்றுவிட்டு இல்ஃபோர்டுக்கே வந்துவிட்டேன்.

கடல் தெரியும், உண்மைதான். ஆனால் அது ஒரு பழைய விக்டோரியா காலத்துப் பெரிய வீட்டை ஐந்தாகப் பிரித்துக் கட்டின ஃபிளாட், லீஸ்ஹோல்ட் (நிலம் இன்னொருவருடையது, குறிப்பிட்ட வருஷங்களுக்கு மட்டும் குத்தகையாக நமக்கு). கூரையில் ஓட்டை விழுந்தது. நிர்வாகம் பார்க்கிற கம்பெனியில் இருந்து செக்‌ஷன் 20 நோட்டீஸ் என்று ஒன்று வந்தது (ஒரு வீட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் வருகிற வேலை என்றால் முன்கூட்டியே இப்படி நோட்டீஸ் கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம்). என் பங்கு 9,000 பவுண்டு. கேள்வி கேட்டு எழுதினால் மூன்று வாரம் கழித்து பதில் வரும், அந்தப் பதிலில் என் கேள்வி இருக்காது. சாரம் கட்டினார்கள், ஒரு குளிர்காலம் முழுக்க சாரம் மட்டும் நின்றது, வேலை நடக்கவில்லை, ஜன்னல் வழியாகக் கடலுக்குப் பதில் இரும்புக் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கன்சர்வேஷன் ஏரியா (பழைய தோற்றத்தைக் காக்கும் பகுதி) என்பதால் காற்று உள்ளே வருகிற பழைய மர ஜன்னலை மாற்றவும் விடவில்லை, கேஸ் பில் எகிறியது. விற்கப் போனபோது லீஸில் 78 வருஷம்தான் மிச்சம், 80க்குக் கீழே போனால் நீட்டிக்க அதிகம் ஆகும் என்று வாங்க வந்தவர்கள் எல்லாம் விலையைக் குறைத்தார்கள்.

ஆகவே சகோதரி, வாங்கினால் நிலமும் சேர்ந்து நமக்கே சொந்தமாகிற ஃப்ரீஹோல்ட் தனி வீடு வாங்குங்கள், ஃபிளாட் பக்கமே போகாதீர்கள். ஆள் பேச்சுத் துணை பற்றியும் யோசியுங்கள். ஈஸ்ட்ஹாமில் பால் வாங்கப் போனால் நாலு பேர் தமிழில் பேசுவார்கள். அங்கே என் மனைவி பகல் முழுக்க யாரோடும் தமிழ் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. உங்களுக்கு ஆஸ்பத்திரியில் மலையாளி, தமிழ் நர்ஸுகள் இருப்பார்கள், அது வேறு. மாமியாரைக் கூட்டி வந்து ஆறு மாசம் வைத்துக்கொள்கிற எண்ணம் இருந்தால் அவரைக் கேட்டுப் பாருங்கள்.

வெஸ்ட்கிளிஃப் மணி எழுதியது:

ஃபிளாட் விஷயத்தில் நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது சவுத்எண்டின் குற்றம் இல்லை, லீஸ்ஹோல்டின் குற்றம், இல்ஃபோர்டிலும் அதே நோட்டீஸ் வரும். தனிமை பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. என் அம்மா ஒரு தடவை வந்துவிட்டு, "காத்தும் காக்காயும்தான்டா இருக்கு இங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர், மறுபடி வரச் சொன்னால் முழங்கால் வலி என்கிறார்.

ரெண்டு பசங்க அம்மா எழுதியது:

பள்ளிக்கூடம் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பாதி நம் ஆட்கள் அந்த ஊருக்குப் போவதே அதற்காகத்தான், வெளியே சொல்ல மாட்டார்கள், கடல் காற்று என்பார்கள்.

சவுத்எண்டில் நாலு கிராமர் ஸ்கூல் (பரீட்சை வைத்துப் பிள்ளைகளை எடுக்கிற பள்ளி) இருக்கிறது. சவுத்எண்ட் ஹை, வெஸ்ட்கிளிஃப் ஹை, ரெண்டிலும் பையன்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. எல்லாம் அரசுப் பள்ளி, ஃபீஸ் இல்லை. ஆறாம் ஆண்டு தொடங்கும் செப்டம்பரில் எஸெக்ஸ் கிராமர் பள்ளிகளின் கூட்டமைப்பு நடத்துகிற பரீட்சை, இங்கிலீஷும் கணக்கும். அதற்கு ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்ய வேண்டும், தேதி தவறினால் போச்சு. உள்ளூர்ப் பகுதியில் குடியிருக்கிற பிள்ளைகளுக்கு முன்னுரிமை, வெளியே இருந்து எழுதுகிறவர்களுக்கு மதிப்பெண் அதிகம் தேவைப்படும். ஆகவே உங்கள் பையனுக்கு எட்டு வயதில் போவது சரியான நேரம்தான், பத்து வயதில் போனால் அவனுக்கு வீடு மாறுவதும் பரீட்சையும் ஒன்றாக வந்து விழும்.

ஆனால் ஒன்று. டியூஷன் மணிக்கு 40 பவுண்டு கேட்கிறார்கள், வாரம் ரெண்டு மணி நேரம் என்று வைத்தால் உங்கள் ரயில் செலவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் டியூஷன் போகும்போது நம் பிள்ளை மட்டும் போகாமல் இருக்க நமக்கு மனசு வராது, இதை யாரும் வீட்டு பட்ஜெட்டில் எழுதுவது இல்லை. என் பெரியவன் தேறினான், சின்னவன் தேறவில்லை, சாதாரணப் பள்ளியில்தான் படிக்கிறான், சந்தோஷமாக இருக்கிறான், பெரியவனைவிட அதிகமாகக் கடலுக்குப் போகிறான். தேறாவிட்டால் எந்தப் பள்ளி என்பதையும் பார்த்துவிட்டு வீட்டை முடிவு செய்யுங்கள்.

நைட்ஷிப்ட் நர்ஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கணவரை உட்காரவைத்து மொத்தத்தையும் படிக்கச் சொன்னேன். தங்கைக்கு இன்று காலையில் போன் போட்டுப் பேசிவிட்டார், வாரிசுச் சான்றிதழ் எடுக்க தங்கையே தாலுகா ஆபீஸ் போவதாகச் சொல்லியிருக்கிறார், இதுவே பெரிய விஷயம். மார்ட்கேஜ் பார்க்கிற ஆளை மாற்றுகிறோம்.

சனிக்கிழமை பிரிட்டில்வெல் பக்கம் மூன்று வீடு பார்க்கிறோம். ஒரு வீட்டில் முன் ஜன்னலுக்கு மேலே சுவரில் ஒரு கோடு மாதிரி விரிசல், படத்திலேயே தெரிகிறது. விலை மற்ற ரெண்டையும்விட 20,000 குறைவு. பார்க்கலாமா, விட்டுவிடலாமா?

ஷூபரி அண்ணை எழுதியது:

பார்க்கிறதுக்கு என்ன காசா? ஆனால் சிரிச்சுப் பேசி ஏஜெண்ட் அன்றைக்கே "ஆஃபர் போடுங்கோ" என்பான். ஆஃபர் போட்டாலும் ஒப்பந்தம் மாற்றிக் கையெழுத்தாகும் வரைக்கும் ரெண்டு பக்கமும் கட்டுப்பாடு இல்லை, நீங்கள் விலகலாம், விற்கிறவனும் கூடக் காசு தருகிறவனிடம் போகலாம். ஊரில் போல அட்வான்ஸ் கொடுத்து முடிச்சாச்சு என்று நினைக்காதையுங்கோ.

கட்டடப் பொறியாளர் எழுதியது:

விரிசல் கேள்விக்கு மட்டும் பதில். நான் சர்வே வேலையில்தான் இருக்கிறேன், ஆனால் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சவுத்எண்டின் பெரும்பகுதி லண்டன் களிமண் மேல் உட்கார்ந்திருக்கிறது. கோடையில் காய்ந்தால் சுருங்கும், மழைக்கு உப்பும், மேலே இருக்கிற வீடும் கூடவே அசையும். மழை குறைந்த ஊர் என்று மேலே ஒருவர் சந்தோஷமாக எழுதியிருக்கிறார், களிமண்ணுக்கு அது நல்ல செய்தி இல்லை. 2002இல் கடற்கரைச் சரிவில் நிலம் சரிந்து ஒரு இசை மேடையே போனது, உங்கள் ஏரியா அந்தச் சரிவில் இல்லை, இருந்தாலும் மண் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளச் சொன்னேன்.

அந்த வளைந்த ஜன்னல் வீடுகளில் ஜன்னலுக்கு மேலே மெல்லிய விரிசல் சகஜம், பழைய மர ஜன்னலை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வைக்கும்போது மேலே தாங்குவதற்குச் சரியாகக் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் அகலம், படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியாக ஏறுவது, உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிவது, ஒரு முனை அகலமாகவும் மறுமுனை மெல்லியதாகவும் இருப்பது, கதவு சட்டத்தில் இடிப்பது, இதெல்லாம் இருந்தால் கவனம். புதுசாகப் பெயிண்ட் அடித்த அறையில் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள்.

லெவல் 3 சர்வே (கட்டடத்தை முழுசாக ஆராய்வது) எடுங்கள், லெவல் 2 போதாது. விற்கிறவரிடம் வக்கீல் மூலமாக ரெண்டு கேள்வி கேளுங்கள்: நிலம் இறங்கினதற்காக எப்போதாவது இன்சூரன்ஸ் கேட்டிருக்கிறார்களா, இப்போது எந்தக் கம்பெனி இன்சூர் செய்கிறது. முன்பு ஒருமுறை கேட்டிருந்தால் புதுக் கம்பெனிகள் தயங்கும், பழைய கம்பெனியே தொடர ஒத்துக்கொள்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள், இன்சூரன்ஸ் இல்லாமல் வங்கி பணம் விடாது. விலையில் குறைந்த 20,000 இதற்குள்ளேயே போய்விடலாம், போகாமலும் இருக்கலாம்.

சனிக்கிழமை போகும்போது முன்பக்கம், பின்பக்கம், பக்கத்து வீட்டுத் தோட்டம் மூன்றையும் பாருங்கள், பெரிய மரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று. மரம் இல்லாமல் புதுசாக வெட்டின அடிக்கட்டை மட்டும் இருந்தால் எப்போது வெட்டினார்கள், யார் சொல்லி வெட்டினார்கள் என்று கேளுங்கள்.